காற்றைக் கணக்கிட்டுச் செல்லும் கலம்

முன்னுரை

'கலம்' என்னும் தமிழ்ச்சொல் நீரில் மிதப்பதையும் குறிக்கும். இன்று வானில் பறப்பதையும் குறிக்கின்றது. கடலில் செல்வது மரக்கலம் என்றால், வானில் செல்வது வான்கலம். இது வெறும் சொல்லுறவன்று. இவ்விரு கலங்களையும் செலுத்துவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் ஒன்றேயாகும். தரையில் ஓடும் வண்டிக்குச் சாலை அசைவதில்லை. கடலிலும் வானிலுமோ, கலத்தைத் தாங்கி நிற்கும் நீரும் காற்றும் தாமே நகர்ந்துகொண்டிருக்கின்றன. எனவே கலத்தின் முகம் நோக்கும் திசை வேறு. கலம் உண்மையில் சென்று சேரும் திசை வேறு.

புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் ஆகிய கடற்கரையூர்களின் மீனவர்க்கு இவ்வுண்மை கைவந்த பாடமாகும். நீரோட்டம் வடக்கு நோக்கி இழுக்கும் நாளில், கரையிலுள்ள தம் இறங்குதுறையை நேராக நோக்கிப் படகின் முகத்தை வைத்தால், படகு துறைக்கு வடக்கே சென்று ஒதுங்கும். ஆதலால் அவர்கள் துறைக்குத் தெற்கே ஓர் அடையாளத்தைக் குறிவைத்துச் செலுத்துவர். படகு சாய்வாக நகர்ந்து துறைக்கே வந்து சேரும். எவ்வளவு தெற்கே குறிவைக்க வேண்டும் என்பதை அவர்களுக்குப் பட்டறிவு சொல்லும். விமானிக்கோ அதனைக் கணக்குச் சொல்ல வேண்டும். அக்கணக்கினை, சென்னையிலிருந்து வங்கக்கடலைக் கடந்து அந்தமானின் போர்ட் பிளேர் செல்லும் வான்வழியைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்றின் பெயரும் காற்றின் திசையும்

தமிழர் காற்றுக்கு அது புறப்படும் திசையைக் கொண்டே பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்றைக் கச்சான் எனக் கடலோடிகள் வழங்குவர். தென்றல் வடக்கு நோக்கியே வீசுகிறது. எனினும் அதனை வடகாற்று என்று எவரும் கூறுவதில்லை. காற்று எங்கே போகிறது என்பதைவிட எங்கிருந்து வருகிறது என்பதே பெயருக்கு அடிப்படை.

உலகெங்குமுள்ள விமானிகள் பின்பற்றும் மரபும் இதுவேயாகும். அவர்கள் திசையை 360 பாகைகளாகப் பகுத்து, வடக்கைத் தொடக்கமாகக் கொண்டு வலமாக எண்ணுவர். கிழக்கு 90 பாகை, தெற்கு 180, மேற்கு 270, மீண்டும் வடக்கு 360. 'காற்று 240 பாகை, 30' என்று வானிலை அறிக்கை கூறினால், தென்மேற்குப் பக்கத்தில் 240 பாகைத் திசையிலிருந்து மணிக்கு 30 கடல் மைல் வேகத்தில் காற்று வருகிறது என்பது பொருள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் ஆகும். கடலோடிகளின் இந்த அளவையை வானோடிகள் அப்படியே ஏற்றுக்கொண்டனர்.

சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதப்பட்டிருக்கும். அப்பாதை ஏறத்தாழ 70 பாகைத் திசையிலும், எதிர்முகமாக 250 பாகைத் திசையிலும் அமைந்திருப்பதை அவ்வெண்கள் காட்டுகின்றன. விமானம் இயன்றவரை காற்றை எதிர்த்தே எழும். காற்றை எதிர்த்தே இறங்கும். ஆதலால் தென்மேற்குப் பருவத்தில் 25 என்னும் முகமும், வடகிழக்குப் பருவத்தில் 07 என்னும் முகமும் பெரிதும் பயன்படுகின்றன. கச்சானும் கொண்டலும் இன்றும் விமான நிலையத்தின் நடைமுறையை ஆளுகின்றன எனலாம்.

அறிய வேண்டிய நான்கு சொற்கள்

கணக்கிற்குள் புகுமுன் நான்கு சொற்களைத் தெளிவாக அறிதல் வேண்டும். முதலாவது தடத்திசை. புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் நிலப்படத்தில் இணைக்கும் கோட்டின் திசை இது. இரண்டாவது முகத்திசை. விமானத்தின் மூக்கு நோக்கும் திசை இது. மூன்றாவது காற்றுசார் வேகம். தன்னைச் சூழ்ந்த காற்றை விமானம் எவ்வளவு வேகமாகக் கிழித்துச் செல்கிறது என்பது இது. நான்காவது தரைசார் வேகம். தரையிலிருந்து நோக்குபவருக்கு விமானம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது இது.

காற்றே இல்லாத நாளில் முதலிரண்டும் ஒன்றாக இருக்கும்; பின்னிரண்டும் ஒன்றாக இருக்கும். காற்று வீசத் தொடங்கியவுடன் இவை பிரிந்துவிடுகின்றன. தடத்திசையும் காற்றுசார் வேகமும் காற்றின் நிலையும் தெரிந்திருக்க, முகத்திசையையும் தரைசார் வேகத்தையும் கண்டறிவதே விமானி செய்யும் கணக்காகும்.

முன்காற்றும் பின்காற்றும்

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையேயுள்ள வான்தொலைவு ஏறத்தாழ 740 கடல் மைல், அதாவது 1,370 கிலோமீட்டர். தடத்திசை ஏறத்தாழ 96 பாகை. கிழக்கிலிருந்து சிறிதே தெற்காகச் சாய்ந்தது. மணிக்கு 250 கடல் மைல் காற்றுசார் வேகமுடைய ஒரு விசிறி விமானம் இவ்வழியே செல்வதாகக் கொள்வோம். காற்று இல்லையெனில் 740-ஐ 250-ஆல் வகுக்க, பயணநேரம் 2 மணி 58 நிமிடம் ஆகும்.

இப்பொழுது நேர் பின்னாலிருந்து 30 கடல் மைல் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். தரைசார் வேகம் 280 ஆகிறது. நேரம் 2 மணி 39 நிமிடமாகக் குறைகிறது. அதே காற்றை எதிர்த்துத் திரும்பும்போது தரைசார் வேகம் 220 ஆகிறது. நேரம் 3 மணி 22 நிமிடமாக நீள்கிறது.

போகும்போது பெற்ற இலாபத்தை வரும்போது இழந்துவிட்டதால் கணக்கு நேராகிவிட்டது என்று பலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. காற்றில்லாத நாளில் போக்கும் வரவும் சேர்ந்து 5 மணி 55 நிமிடம். காற்றுள்ள நாளிலோ 6 மணிக்குச் சற்று மேல். உதவும் காற்றுடன் விமானம் செலவிட்ட நேரம் குறைவு. எதிர்க்கும் காற்றுடன் செலவிட்ட நேரம் மிகுதி. ஆகவே இழப்பு இலாபத்தை விஞ்சுகிறது. காற்று மாறாது வீசுமானால், போய்த் திரும்பும் பயணத்தை அது நீட்டிக்குமேயன்றிக் குறைக்காது. எரிபொருளை அளந்து ஏற்றுவோர் மறவாத உண்மை இது.

பக்கக்காற்று

அடுத்து, காற்று நேர் வலப்பக்கத்திலிருந்து, அதாவது தெற்கிலிருந்து, 30 கடல் மைல் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். விமானி இதனைப் பொருட்படுத்தாமல் முகத்தைத் தடத்திசையிலேயே வைத்து, ஏறத்தாழ 3 மணி நேரம் பறந்தால் என்ன நேரும்? காற்று ஒவ்வொரு மணிக்கும் அவரை 30 கடல் மைல் வடக்கே தள்ளும். பயணத்தின் இறுதியில் அவர் இலக்கிலிருந்து 89 கடல் மைல், அதாவது 164 கிலோமீட்டர் வடக்கே இருப்பார். தெற்கு அந்தமானிலுள்ள போர்ட் பிளேர் இருக்க வேண்டிய இடத்தில், வட அந்தமானில் மாயாபந்தருக்கும் திக்லிபூருக்கும் இடைப்பட்ட காடுகளை அவர் காண்பார். மேகம் மூடியிருப்பின் அவற்றையும் காணார்.

இதனைத் தவிர்க்க, மூக்கினைக் காற்று வரும் பக்கமாகச் சிறிது திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்புவது? காற்று தள்ளும் வேகம் 30. விமானத்தின் வேகம் 250. முப்பதை இருநூற்றைம்பதால் வகுத்தால் 0.12 கிடைக்கும். சைன் மதிப்பு 0.12 ஆகவுள்ள கோணம் ஏறத்தாழ 7 பாகை. எனவே முகத்திசை 96 உடன் 7 சேர்த்து 103 பாகை. இந்த 7 பாகையே காற்றுத் திருத்தக் கோணம் எனப்படுகிறது. மூக்கு 103-ஐ நோக்கியிருக்க, விமானம் நண்டினைப்போல் பக்கவாட்டில் சாய்ந்து 96 பாகைத் தடத்திலேயே செல்லும். வேகத்தின் ஒரு பகுதி காற்றை எதிர்ப்பதில் செலவாவதால், தரைசார் வேகம் 250-லிருந்து 248 ஆகச் சிறிது குறையும்.

காற்று முக்கோணம்

இயற்கையில் காற்று நேர் பின்னாலிருந்தோ நேர் பக்கத்திலிருந்தோ வருவது அரிது, சாய்வாகவே வரும். அந்நிலையில் காற்றை இரு கூறாகப் பகுத்தல் வேண்டும். முன்பு கூறிய 240 பாகைக் காற்றை, 30 கடல் மைல் வேகத்தில் வீசும் கச்சானை, இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

முதற்படி, காற்றுக்கும் தடத்திற்கும் இடைப்பட்ட கோணத்தைக் காணல். 240-லிருந்து 96-ஐக் கழிக்க 144 பாகை. இது 90-ஐ விட மிகுதியாதலால், காற்று வலப்புறப் பின்பக்கத்திலிருந்து வருகிறது என அறியலாம். 180-லிருந்து 144-ஐக் கழிக்க, வால்பக்கத்துக் கோட்டுடன் அது 36 பாகை சாய்ந்துள்ளது.

இரண்டாம் படி, பக்கக் கூறினைக் காணல். 36 பாகையின் சைன் 0.588. அதனை 30-ஆல் பெருக்க 17.6. காற்று விமானத்தை இடப்புறமாகத் தள்ளும் வேகம் இது.

மூன்றாம் படி, திருத்தக் கோணத்தைக் காணல். 17.6-ஐ 250-ஆல் வகுக்க 0.07. அதற்குரிய கோணம் ஏறத்தாழ 4 பாகை. காற்று வலப்புறத்திலிருந்து வருவதால் 4 பாகையைக் கூட்ட வேண்டும். முகத்திசை 100 பாகை.

நான்காம் படி, தரைசார் வேகத்தைக் காணல். 36 பாகையின் கோசைன் 0.809. அதனை 30-ஆல் பெருக்க 24.3, இது பின்னாலிருந்து உந்தும் கூறு. மூக்கு 4 பாகை சாய்ந்திருப்பதால், விமானத்தின் வேகத்தில் தடத்தின்வழிக் கிடைப்பது 249.4. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 274. பயணநேரம் 2 மணி 42 நிமிடம்.

திரும்பும் வழியில் தடத்திசை ஏறத்தாழ 276 பாகை. அதே காற்று இப்பொழுது இடப்புற முன்பக்கத்திலிருந்து வரும். ஆதலால் 4 பாகையைக் கழிக்க வேண்டும், முகத்திசை 272. உந்திய கூறு இப்பொழுது தடுக்கும் கூறாதலால், 249.4-லிருந்து 24.3-ஐக் கழிக்கத் தரைசார் வேகம் 225. நேரம் 3 மணி 17 நிமிடம்.

இந்நான்கு படிகளையும் தாளில் மூன்று கோடுகளாக வரைந்துவிடலாம். ஒரு கோடு விமானத்தின் முகத்திசையும் காற்றுசார் வேகமும். மற்றொன்று காற்றின் திசையும் வேகமும். இரண்டையும் இணைத்து முடிக்கும் மூன்றாவது கோடு தடமும் தரைசார் வேகமும். இதற்குக் காற்று முக்கோணம் என்று பெயர். 1930களில் அமெரிக்கக் கடற்படையைச் சார்ந்த பிலிப் டால்ட்டன் இம்முக்கோணத்தைக் கையடக்கமான சுழல்வட்டாகச் செய்தார். மின்கலம் வேண்டாத அவ்வட்டினை விமானப் பயிற்சி மாணவர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

வட்டும் இல்லாதபோது மனக்கணக்கிற்கு 'அறுபதுக்கு ஒன்று' என்னும் விதி உதவும். 60 கடல் மைல் செல்லும் வழியில் ஒரு பாகை தவறினால் ஒரு கடல் மைல் விலகுவோம் என்பது அவ்விதி. பக்கக் கூறினை 60-ஆல் பெருக்கி விமானத்தின் வேகத்தால் வகுத்தால் திருத்தக் கோணம் கிடைக்கும். 17.6-ஐ 60-ஆல் பெருக்கி 250-ஆல் வகுக்க 4.2. முறையான கணக்கிற்கு இது மிக நெருங்கிய விடையாகும்.

கலம் மெதுவாகச் செல்லச் செல்லக் காற்றின் ஆட்சி மிகும். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தைச் செலுத்திவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சிறிய 'புஸ் மாத்' விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் பக்கக்காற்று வீசினால் அதற்குத் திருத்தக் கோணம் 14 பாகைக்கு மேல். இன்று 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானத்துக்கு அதே காற்றில் 3 பாகைக்கும் குறைவு. அன்றைய விமானியின் பணி எத்துணைக் கடினமானது என்பதை இவ்வொப்பீடு காட்டும்.

சைன் வந்த வழி

இக்கணக்கின் உயிராகிய சைன், பல நாட்டறிஞர் கைமாறி வந்த செல்வமாகும். ஆரியபடர் அரைநாண் அட்டவணையை வகுத்தார். வடமொழியில் 'ஜ்யா' எனப்பட்ட அது, அரபியரிடம் 'ஜீபா' ஆயிற்று. உயிர்க்குறியின்றி எழுதப்பட்டதால் பின்னர் 'ஜைப்' எனப் படிக்கப்பட்டது. 'ஜைப்' என்றால் மடிப்பு அல்லது வளைவு. அப்பொருளை ஒட்டி இலத்தீனில் 'சைனஸ்' எனப் பெயர்க்க, அதுவே இன்றைய 'சைன்' ஆயிற்று. தள முக்கோணங்களுக்குரிய சைன் விதியை 13ஆம் நூற்றாண்டில் நசீருத்தீன் தூசி தம் நூலில் முறைப்படுத்தித் தந்தார். காற்று முக்கோணத்தைத் தீர்ப்பது அவ்விதியேயாகும். திசைக்கோணத்தை உணர்த்தும் 'அசிமத்' என்னும் அறிவியற்சொல்லும் 'திசைகள்' எனப் பொருள்படும் 'அஸ்ஸுமூத்' என்னும் அரபுச்சொல்லின் திரிபேயாகும்.

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரின் திசையைக் கணிப்பதற்கென்றே அல்பிரூனி 1025இல் ஒரு நூலினை எழுதி முடித்தார். கஸ்னி நகரிலிருந்து மக்காவின் திசையை அதில் பல வழிகளில் கணித்துக் காட்டினார். அம்முறைப்படி கணித்தால், புதுப்பட்டினத்திலிருந்து மக்காவின் திசை ஏறத்தாழ 289 பாகை. அதாவது நேர்மேற்கிலிருந்து 19 பாகை வடக்கே சாய்ந்தது. இது தடத்திசை, என்றும் மாறாதது. ஆனால் அத்திசையிற் புறப்படும் விமானத்தின் முகத்திசையோ அன்றன்று வீசும் காற்றுக்கேற்ப மாறுவது. இலக்கு நிலையானது, அதனை அடையும் வழியில் முகம் திரும்பும் அளவு மட்டுமே நாளுக்கு நாள் வேறுபடும்.

கடலிலும் இவ்வறிவு செழித்திருந்தது. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றின் ஆற்றலைக் கலம் செலுத்தப் பயன்கொண்டவன் என்னும் செய்தியை வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூற்று 66ஆம் பாடல் தருகிறது. 15ஆம் நூற்றாண்டின் பெருங்கடலோடியான அகமது இப்னு மாஜித், காற்றுப் பருவங்களையும் விண்மீன் உயரங்களையும் தொகுத்து நூல் செய்தார். பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்னும் அரபுச்சொல்லே 'மான்சூன்' ஆயிற்று. கலத்தின் வழியறிந்தவரை அரபியர் 'முஅல்லிம்', அதாவது ஆசிரியர் என்றனர். நம் 'மாலுமி' என்னும் சொல்லை அதனோடு இணைத்துக் காட்டுவர் சொல்லாராய்ச்சியாளர்.

கடல் நடுவில் ஒரு முடிவு

மீண்டும் நம் விமானத்துக்கு வருவோம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே இறங்குவதற்கு ஒரு சாண் நிலமும் இல்லை. நடுக்கடலில் விமானத்துக்குள் ஒருவர்க்கு மாரடைப்பு நேரிடுகிறது எனக் கொள்வோம். முன்னே செல்வதா, திரும்புவதா? பாதிவழி 370 கடல் மைல். அதற்கு முன் என்றால் திரும்பலாம், அதற்குப் பின் என்றால் முன்செல்லலாம் என்று தோன்றும். காற்றில்லாத நாளில் அது சரி.

நாம் கண்ட கச்சான் வீசும் நாளில் முன்செல்லும் வேகம் 274. திரும்பும் வேகம் 225. இரண்டு பக்கமும் சம நேரம் ஆகும் இடத்தைக் காண, மொத்தத் தொலைவாகிய 740-ஐத் திரும்பும் வேகமாகிய 225-ஆல் பெருக்கி, இரு வேகங்களின் கூட்டுத்தொகையாகிய 499-ஆல் வகுக்க வேண்டும். விடை 334. சென்னையிலிருந்து 334 கடல் மைலிலேயே சமநேர இடம் வந்துவிடுகிறது. அங்கிருந்து எப்பக்கம் சென்றாலும் ஏறத்தாழ 1 மணி 29 நிமிடம் ஆகும்.

எனவே 350ஆம் கடல் மைலில் நிற்கும் விமானிக்குத் தொலைவால் அண்மையில் இருப்பது சென்னை. நேரத்தால் அண்மையில் இருப்பது போர்ட் பிளேர். நோயாளியின் உயிரைக் காப்பது தொலைவன்று, நேரமே. இவ்விடத்தை முன்கூட்டியே கணித்துக் குறித்து வைத்துக்கொண்டுதான் விமானி கடலின்மேல் செல்கிறார். இடர் வந்தபின் கணக்கிட அமர்வதற்கு அவகாசம் இராது.

கணக்குத் தவறிய இடங்கள்

1947 ஆகஸ்டு 2 அன்று 'ஸ்டார் டஸ்ட்' என்னும் பிரித்தானியப் பயணியர் விமானம் 11 பேருடன் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குச் சென்றது. இன்னும் சில நிமிடங்களில் இறங்குவோம் என்று செய்தி அனுப்பியது, பிறகு காணவில்லை. அரை நூற்றாண்டிற்குப் பின், 1998லும் 2000லும், ஆண்டிஸ் மலைத்தொடரின் துப்புங்காத்தோ சிகரத்துப் பனியாற்றில் அதன் சிதைவுகள் வெளிப்பட்டன. உயரத்தில் வீசும் 'ஜெட்' காற்றோட்டம் அந்நாளில் விமானிகளுக்குச் சரியாக அறிமுகமாகவில்லை. கடும் முன்காற்று விமானத்தின் தரைசார் வேகத்தைக் குறைத்திருந்தது. மலையைக் கடந்துவிட்டதாக எண்ணி, கடவாத மலையின்மீதே அவர்கள் இறங்கத் தொடங்கினர் என்பது ஆய்வாளர் முடிவாகும்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 1943 ஏப்ரல் 4 அன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் மீது குண்டுவீசச் சென்ற 'லேடி பி குட்' என்னும் அமெரிக்க விமானம், லிபியக் கடற்கரையிலிருந்த தன் தளத்தை இரவில் கடந்து, பாலைவனத்திற்குள் நெடுந்தொலைவு சென்று வீழ்ந்தது. பின்காற்று உந்தியதால் தளம் வந்துவிட்டதை உணராமல் சென்றனர் என்பது கூறப்படும் காரணங்களுள் ஒன்று. அதிலிருந்த ஒன்பதின்மரும் மாண்டனர். முன்னது காற்றால் பின்தங்கியதை அறியாத கலம். பின்னது காற்றால் முந்திவிட்டதை அறியாத கலம்.

நம் வங்கக்கடல் எத்துணை அகன்றது என்பதை நமக்கு உணர்த்திய துயரமும் ஒன்றுண்டு. 2016 ஜூலை 22 காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என். 32 விமானம் 29 பேருடன் கடலின்மேல் மறைந்தது. காற்றுக்கணக்கால் நேர்ந்த விபத்து என்று அதனை எவரும் கூறியதில்லை. ஆயினும் அதன் சிதைவுகள் எனக் கருதப்படுபவை, ஏறத்தாழ 3,400 மீட்டர் ஆழத்தில், சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் ஊர்தியால் அடையாளம் காணப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வெளிவந்தது. ஏழரை ஆண்டுகள் அக்குடும்பங்கள் காத்திருந்தன. இவ்வழியில் ஒரு கலம் எங்கே இருக்கிறது என்பதை நிமிடந்தோறும் அறிந்திருப்பது ஏட்டுக்கணக்கன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று

ஆடி மாதத்தில் நம் கரையில் நிற்போர் மேலைக்காற்றையே உணர்வர். ஆனால் அதே நேரத்தில் தலைக்குமேல் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று விரைந்துகொண்டிருக்கும். வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றோட்டம் எனப்படும் இதனை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் எழுதிய ஆய்வில் விளக்கினார். தாழப் பறக்கும் விசிறி விமானத்தைப் போர்ட் பிளேர் நோக்கி உந்தும் பருவம், உயரப் பறக்கும் ஜெட் விமானத்தைப் பெரும்பாலும் எதிர்த்துத் தடுக்கும். ஒரே நாளில் கீழே கச்சான், மேலே கொண்டல்! எனவே எந்த உயரத்துக் காற்று என்பதையும் கணக்கில் சேர்த்தல் இன்றியமையாதது.

இவ்வுயரக் காற்றுகளை அளக்கச் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறையினர் பலூன்களைப் பறக்கவிடுகின்றனர். பலூனுக்குத் தன்வேகம் இல்லை. காற்று கொண்டுசெல்லும் வழியே அது செல்லும். ஆதலால் பலூன் நகரும் வேகமே காற்றின் வேகம். தன்வேகமுடைய விமானத்தின் கணக்கிற்குத் தன்வேகமற்ற பலூன் உதவுவது நயமிக்க ஒரு செய்தியாகும்.

கருவி வந்தபின் கணக்கு எதற்கு?

இன்று ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் கருவி, விமானம் இருக்கும் இடத்தையும் தரைசார் வேகத்தையும் நொடிதோறும் காட்டுகிறது. அங்ஙனமாயின் இக்கணக்கை மாணவர் கற்பது ஏன் என்னும் வினா எழலாம். விடைகள் மூன்று. முதலாவது, எரிபொருளைப் புறப்படுமுன் ஏற்ற வேண்டும். புறப்படாத விமானத்துக்குத் தரைசார் வேகம் என ஒன்று இல்லை. அதனைக் கணக்கால் மட்டுமே முன்னறிய இயலும். இரண்டாவது, கருவி இப்பொழுது இருக்கும் இடத்தைக் காட்டும். இன்னும் ஒரு மணி நேரத்தில் காற்று மாறினால் எங்கிருப்போம் என்பதைக் கணக்கே காட்டும். மூன்றாவது, கருவியில் தவறான எண் பதிவானாலும், செயற்கைக்கோள் அலை இடையூறுற்றாலும், விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்று மனத்தில் அறிந்தவரே பிழையைக் கண்டுபிடிப்பார். விமானத்திலுள்ள கணினியும் இதே முக்கோணத்தையே ஓயாமல் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

முடிவுரை

காற்றை நிறுத்த விமானியால் இயலாது. காற்றோடு சினந்து பயனில்லை. காற்று இல்லாததுபோல் நடந்துகொள்வதோ அழிவைத் தரும். அவரால் இயல்வது, காற்று எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று உள்ளவாறு அளந்து, அதற்கேற்ற அளவு மட்டுமே, மிகாமலும் குறையாமலும், தம் முகத்தைத் திருப்பிக்கொள்வதேயாகும். நான்கு பாகை வேண்டியவிடத்தில் பத்துப் பாகை திருப்புவதும் வழிதவறலே.

கலைப்பிரிவு மாணவர் கணக்கை அஞ்சி ஒதுக்குவதும், அறிவியல் மாணவர் தமிழை ஒதுக்குவதும் நம் கல்லூரிகளில் காணப்படும் நிலை. தென்றல், வாடை என்னும் சொற்களிலேயே விமானியின் திசைமரபு அடங்கியிருப்பதையும், வழிகாட்டும் மாலுமியின் பெயரிலேயே ஆசிரியர் என்னும் பொருள் ஒளிந்திருப்பதையும் எண்ணினால், இவ்விரண்டும் ஒரே துறையில் வந்து சேரும் இரு கலங்கள் என்பது விளங்கும். கடற்கரையில் பிறந்த நம் மாணவர்கள் ஒருநாள் வான்கலத்தின் முன்னிருக்கையிலும் அமர்தல் வேண்டும். அதற்குரிய முதற்பாடத்தைத் தாளும் எழுதுகோலும் கொண்டு இன்றே தொடங்கலாம். மூன்று கோடுகளை வரைந்தால் போதும்.